பச்சை பிஸ்கட்டும் பித்தளை ஊசலும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. செருப்புக் கடைக்கு மேலே இருக்கிற மாடி ஹாலுக்குப் போகும் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. அப்பாக்கள், அம்மாக்கள், தூக்கம் கலையாத பிள்ளைகள். ஆளுக்கொரு டிபன் டப்பா கையில். டப்பாவுக்குள் என்ன, தங்கமா வைரமா? பிஸ்கட். பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் கடிக்கிற சாதா பிஸ்கட். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா, குழந்தையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு டப்பாவைத் தான் பிடித்துக்கொண்டாள்.

மேலே இருந்தவர் ஊசல் ஐயா. வெள்ளை முழுக்கைச் சட்டை, சாயம் அடித்த தலை, தேன் தடவிய குரல். கையில் ஒரு சங்கிலி, அதன் நுனியில் பித்தளைக் குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொங்கவிடுவாரே, அதேதான். கொத்தனார் கையில் இருந்தவரை அதற்குத் தூக்குக்குண்டு என்று பெயர். ஐயா கைக்கு வந்ததும் 'பிரபஞ்ச ஊசல்' ஆகிவிட்டது. குண்டுக்கு அடித்த யோகம்!

ஐயாவின் வித்தை இதுதான். மூடிய டப்பாவை மேசைமேல் வைக்க வேண்டும். அதற்கு மேலே ஊசலைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். ஊசல் வலப்பக்கம் சுற்றினால் உள்ளே இருப்பது பிள்ளைக்கு ஆகும். இடப்பக்கம் சுற்றினால் ஆகாது. அத்தோடு விட்டாரா? எதனால் ஆகாது, பாலா, முட்டையா, கோதுமையா, நிலக்கடலையா என்று புட்டுப் புட்டு வைப்பார். "உங்க பையனுக்குப் பால்தானேம்மா பிரச்சினை?" என்பார். அந்த அம்மா வாயைப் பிளப்பாள். ஏனென்றால் பால்தான் பிரச்சினை.

"மூடியைக்கூடத் திறக்கல சார்! பேர் கேக்கல, ஊர் கேக்கல. டக்குனு சொல்லிட்டார்" என்று வரிசையில் நின்ற இன்ஜினீயர் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் கட்டுகிற இன்ஜினீயர். அவர் கட்டிய பாலங்களில் நாம் தினமும் போய்வருகிறோம் என்பதை நினைத்தால்தான் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

நோய் சொன்னவர் மருந்து தராமல் இருப்பாரா? தந்தார். ஐம்பது காசு அளவில் ஒரு செம்புத் தகடு. டப்பாவின் அடியில் ஒட்டிவிட்டால் போதும், உள்ளே இருக்கிற 'கெட்ட அதிர்வு' அடங்கிவிடுமாம். அப்புறம் பால் ஆகாத பிள்ளை பால் பிஸ்கட் தின்னலாம், முட்டை ஆகாத பிள்ளை முட்டை பிஸ்கட் தின்னலாம். ஐயா பணத்தாசை இல்லாதவர். பணம் என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். 'அதிர்வுப் பங்களிப்பு' என்பார். பங்களிப்பை கார்டு தேய்த்தும் தரலாம்.

வரிசையின் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் பிஸ்கட் அக்கா. அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் பின் அறையில் இரண்டு ஓவன் வைத்து, ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளுக்காக ஓட்ஸ், வாழைப்பழம், பேரீச்சம்பழம் என்று போட்டு பிஸ்கட் சுட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பவள். அந்த அறைக்குள் அவள் புருஷனே கையை முழங்கை வரைக்கும் கழுவாமல் நுழைய முடியாது. பால் சேர்த்த மாவுக்கு ஒரு நிறம், முட்டை சேர்த்த மாவுக்கு ஒரு நிறம், எதுவும் சேர்க்காத மாவுக்கு இன்னொரு நிறம். கரண்டி, கிண்ணம், துடைக்கிற துணி எல்லாமே அந்தந்த நிறத்தில்தான். ஒன்று இன்னொன்றின் பக்கம் போய்விட்டால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம். நிலக்கடலை அந்த வீட்டு வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது.

அதற்குக் காரணம் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தங்கச்சி மகள், ஒன்பது வயது. பெரியம்மா வைத்த பெயர் சிட்டு. மூன்று வயதில் யாரோ பிரியமாகக் கொடுத்த ஒரு கடலை மிட்டாயைக் கடித்தாள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, கழுத்து சிவந்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தங்கச்சி போட்ட சத்தம் இன்னும் அக்காவின் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து பேனா மாதிரி இருக்கிற அவசர ஊசி ஒன்று சிட்டு போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

சரி, இப்படிப்பட்ட அக்கா ஊசல் வரிசையில் ஏன் நிற்கிறாள்? தங்கச்சி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதோடு, புதன்கிழமை நடந்த கூத்து.

கடலை பிஸ்கட் தின்ன முடியாத பிள்ளைகளுக்கு அதே வாசனையில் ஒன்று செய்து தரலாமே என்று அக்காவுக்கு ஆசை. சூரியகாந்தி விதையை வறுத்து விழுதாக அரைத்து பிஸ்கட் சுட்டாள். ஓவனிலிருந்து வெளியே வந்தபோது பொன்னிறம். மறுநாள் இடைவேளையில் ஒரு பையன் அதைப் பாதியாக உடைத்தான். உள்ளே பச்சை! பாசி பிடித்த தொட்டி மாதிரி பச்சை.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. 'பேய் பிஸ்கட்' என்று பெயர் வைத்து ஆளுக்கு இரண்டு கூடுதலாகத் தின்றார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோய் வந்தது பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்குத்தான். மதியத்துக்குள் அது 'பூஞ்சை' ஆனது, சாயங்காலம் 'ரசாயனம்' ஆனது, ராத்திரிக்குள் 'விஷம்' ஆகிவிட்டது. மறுநாள் ஒருவர் அந்த பிஸ்கட்டை ஊசல் ஐயாவிடம் கொண்டுபோனார். ஊசல் இடப்பக்கம் கிறுகிறுவென்று சுற்றியதாம். "நிலக்கடலை விஷம் வெளியே வந்திருக்கு" என்று ஐயா அருள்வாக்குச் சொன்னார். சூரியகாந்தி விதையிலிருந்து நிலக்கடலை வெளியே வந்தது! தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு, "எனக்கு உங்க மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா இது அடங்குற வரைக்கும் ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

படிக்கட்டின் கீழே ஒரு மேசை. அங்கே சீட்டு மேடம். பிள்ளைக்கு என்ன ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். "சீட்டு இந்தப் பெட்டிக்குள்ள போயிடும், பூட்டிடுவோம். ஐயா கண்ணுலயே காட்ட மாட்டோம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். பெட்டியைப் பூட்டியும் காட்டுவாள். அப்புறம் வரிசை மாறாமல் இருக்க, டப்பா மேலே ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுவாள். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்.

தங்கச்சி டப்பாவில் மாட்டியது சிவப்பு கிளிப்.

அக்கா அதைப் பார்த்தாள். முன்னால் நின்ற டப்பாக்களைப் பார்த்தாள். மஞ்சள், நீலம், மஞ்சள், வெள்ளை. வருஷக்கணக்காக நிறத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? முன்னால் நின்ற அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"உங்க பிள்ளைக்கு என்னங்க ஆகாது?"

"பாலுங்க."

மஞ்சள் கிளிப். அவளுக்கும் முன்னால் நின்றவரிடம் கேட்டாள். அவருக்கும் பால். அங்கேயும் மஞ்சள் கிளிப். அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடப்பாவி, இவ்வளவுதானா உன் பிரபஞ்சம்!

ஆனால் மேலே போனதும் சிரிப்பு போய்விட்டது. ஊசல் இடப்பக்கம் சுற்றி "நிலக்கடலை" என்று தீர்ப்பு வந்ததும் தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். ஐயா சிட்டுவின் தலையில் கை வைத்து, மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தைக்கு மூணு தடவை அதிர்வு அடைச்சாச்சு. இனிமே நிலக்கடலை இவளை ஒண்ணும் பண்ணாது. வர்ற சனிக்கிழமை, இதே மேடையில, உங்க எல்லார் முன்னாடியும் இவ கடலை பிஸ்கட் சாப்பிடுவா!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஐயா அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பச்சை பிஸ்கட் பண்ணினது நீங்கதானேம்மா? நீங்களும் வாங்க. கண்ணால பாத்தாத்தான் சில பேருக்குப் புத்தி வரும்."

அக்காவுக்குக் கோபமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான். தெருவுக்கு வந்ததும் தங்கச்சியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? பிள்ளை செத்துப்போயிடும்டி!"

"அப்படிப் பேசாதக்கா. கெட்ட வார்த்தை பேசினா அதிர்வு திறந்துக்கும்னு சொல்லியிருக்கார்."

"அதிர்வாவது மண்ணாவது! கிளிப்பைப் பாத்துச் சொல்றான்டி. சிவப்புன்னா கடலை, மஞ்சள்னா பால். டாக்டர்கிட்ட கேட்டியா?"

"டாக்டர் என்ன சொல்வாரு? ஆறு வருஷமா ஒரே பாட்டுதான். 'ஜாக்கிரதையா இருங்க.' எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கறது? ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அனுப்ப முடியல. ஒரு டூர் அனுப்ப முடியல. போன் அடிச்சாலே ஸ்கூல்லேருந்துதானோன்னு நெஞ்சு நின்னுடுது. நீ பிஸ்கட் சுட்டுக் குடுத்துட்டுப் போயிடுவே. பக்கத்துல படுத்துக்கிட்டு அவ மூச்சு விடுறாளான்னு மூக்குல விரல் வெச்சுப் பாக்கறது நான்தானே?" தங்கச்சி தெருவென்றும் பாராமல் அழுதாள். "அவர் ஒருத்தர்தான்க்கா, சரியாயிடும்னு சொன்னார்."

தங்கச்சி முட்டாள் இல்லை. பயந்து பயந்து களைத்துப்போனவள். இப்படிப்பட்டவர்களைத்தானே இந்த ஆசாமிகள் மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்?

"சரி. ஊசியையாவது கையில வெச்சிருப்பேல்ல?"

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஊசி கொண்டு வரக் கூடாதாம். கொண்டு வந்தா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமாம்."

கேட்டீர்களா? பிள்ளை பிழைத்தால் ஐயாவின் மகிமை. பிழைக்காவிட்டால் தாயின் நம்பிக்கைக் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஐயாவுக்கு அடிபடாத ஏற்பாடு.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சிட்டு நேராகப் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். கையை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு பின் அறையில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நம்பிக்கை கம்மியா இருந்தா தகடு வேலை செய்யாதாம்."

"யார் சொன்னா?"

"ஊசல் தாத்தாதான். எவ்ளோ நம்பணும்னு கேட்டேன். முழுசா நம்பணுமாம். நான் முழுசாத்தான் நம்பறேன். ஆனா ராத்திரியில கொஞ்சம் கம்மியாயிடுது. எனக்கு மூச்சு நின்னுட்டா, அது என் தப்பா பெரியம்மா?"

அக்கா மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். யூனிபார்ம் முழுக்க ஓட்ஸ் மாவு. "உன் தப்பு ஒண்ணுமே இல்லடா கண்ணு. நீ அதைச் சாப்பிடவும் மாட்ட. பெரியம்மா பாத்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

முதலில் தன் வீட்டுக் குப்பையைக் கூட்டுவோம் என்று பச்சை விவகாரத்தை எடுத்தாள். அதே விழுது, அதே மாவு, இரண்டு தட்டு. ஒன்றில் அன்றைக்குப் போட்ட அளவு சமையல் சோடா. இன்னொன்றில் சோடாவைக் குறைத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. ஆறவிட்டு மறுநாள் உடைத்துப் பார்த்தாள். முதல் தட்டு பச்சை. இரண்டாவது தட்டு பழுப்பு. சூரியகாந்தி விதையும் சோடாவும் சேர்ந்து அடித்த கூத்து, அவ்வளவுதான். விஷமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனாள்.

"ஒரு நாள் வெச்சுப் பாக்காம அனுப்பினது என் தப்புங்க மேடம். இதுதான் காரணம்."

தலைமையாசிரியை பச்சை பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்கு. இதை பேரன்ட்ஸ்கிட்ட சொன்னா கேப்பாங்கங்கிறீங்களா? போன வாரம் கை கழுவறதைப் பத்தி ஒரு கூட்டம் போட்டேன். ஏழு பேர் வந்தாங்க. அந்த மாடிக்குப் போறவங்களைப் பாத்தீங்களா?"

"நாம சொன்னா கேக்க மாட்டாங்க மேடம். அந்தாள் வாயாலயே சொல்ல வெச்சா?" என்றாள் அக்கா. கிளிப் கதையைச் சொன்னாள். சிட்டு கதையையும் சொன்னாள். தலைமையாசிரியையின் முகம் மாறிவிட்டது. தன் பங்குக்குத் தங்கச்சிக்கு போன் பண்ணிப் பார்த்தார். அவள் போனை எடுக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அக்காவின் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்தார்கள். தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் மாடி ஹாலில் மூச்சு விட இடமில்லை. மேடைக்குப் பின்னால் துணி பேனர்: 'நிலக்கடலையை வென்ற முதல் குழந்தை!' வென்ற குழந்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேடையின் மறுகோடியில் ஐயாவின் மேசை. அதில் ஒரு தட்டு. தட்டில் சீட்டு மேடம் சுட்ட கடலை பிஸ்கட் ஒன்று, அதன் அடியில் செம்புத் தகடு. தங்கச்சி முதல் வரிசையில் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளித் தலைமையாசிரியை. அவர் கைப்பையில் பள்ளிக்கூடத்து அவசர ஊசி. அக்காவும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். நினைத்தது நடக்காவிட்டால் மேடையில் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது. தங்கச்சி ஜென்மத்துக்கும் பேசாவிட்டால் பேசாமல் போகட்டும்.

அக்கா கையில் ஐந்து டப்பாக்கள். கீழே சீட்டு மேடத்திடம், "அஞ்சு வீட்டுப் பிள்ளைங்களோடது. ஐயாகிட்ட காட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லி ஐந்து சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் நிலக்கடலை, ஒன்றில் பால், ஒன்றில் முட்டை, ஒன்றில் கோதுமை, கடைசியில் 'ஒன்றும் இல்லை, சும்மா பார்க்க'. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை என்று ஐந்து கிளிப்புகளும் மாட்டப்பட்டன.

ஐயா அவளைப் பார்த்ததும் குளிர்ந்துபோனார். எதிரி தானாகவே காலில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் குளிராது?

"பாருங்க! பச்சை பிஸ்கட் அம்மாவே வந்துட்டாங்க. குழந்தை கொஞ்சம் இருக்கட்டும். மொதல்ல இவங்க டப்பா."

சிவப்பு கிளிப் டப்பா மேசைக்கு வந்தது. ஐயா கண்ணை மூடினார். மூடினார் என்றுதான் அவர் சொல்கிறார். ஊசல் இடப்பக்கம் சுற்றியது.

"நிலக்கடலை! அப்பப்பா, எவ்ளோ கடலை! வாசனையே அடிக்குது."

மஞ்சள். "பசும்பால். இந்தப் பிள்ளைக்கு வயிறு வீங்கும்."

நீலம். "முட்டை. மஞ்சள் கரு மட்டும்." ஹால் "ஓ" என்றது. வெள்ளைக் கரு தப்பித்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

வெள்ளை. "கோதுமை."

பச்சை. ஊசல் வலப்பக்கம் அழகாகச் சுற்றியது. ஐயாவின் முகம் மலர்ந்தது. "ஆஹா! சுத்தம். அமிர்தம். இதைப் பண்ணின கை நல்ல கை."

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள் அக்கா. "மத்த நாலுக்கும் தகடு வெச்சுக் குடுத்துடுங்க. வெச்சா பிள்ளைங்க பயமில்லாம சாப்பிடலாமில்லையா?"

"தாராளமா! பல்லு முளைக்காத குழந்தைகூடச் சாப்பிடலாம்." நாலு தகடு நாலு டப்பாவின் அடியில் ஏறியது.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? மைக்குல சொல்லியிருக்கார்" என்று அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஐயாவே மொதல்ல அமிர்தத்துல ஒண்ணு சாப்பிடட்டும். எங்களுக்கும் தைரியமா இருக்கும்."

கூட்டம் கைதட்டியது. ஐயா பெருந்தன்மையோடு பச்சை கிளிப்பைக் கழற்றினார். மூடியைத் திறந்தார். உள்ளே போன கை அப்படியே நின்றுவிட்டது.

"எடுங்க ஐயா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் எடுக்கவில்லை. அக்காவே எடுத்து உயரே தூக்கிக் காட்டினாள். வட்டமாக, பிஸ்கட் அச்சால் கச்சிதமாக வெட்டிய, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். மேலே மஞ்சள், அடியில் சொரசொரவென்று பச்சை நார்.

அக்கா மற்ற நாலு டப்பாவையும் திறந்து கவிழ்த்தாள். ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்ச்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை, "அம்மா, இதுலதானே நீ குக்கர் தேய்ப்ப?" என்று கேட்டது. அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது.

ஐயா லேசுப்பட்ட ஆளா? சமாளித்தார். "சிரிக்காதீங்க! இந்த ஸ்பாஞ்சைத் தொட்ட கையில கடலை இருந்திருக்கு. ஊசலுக்கு அதுவும் தெரியும்."

"இருக்கலாம் சார்" என்று எழுந்தார் இன்ஜினீயர் அப்பா. "ஃபாக்டரியில ஏதாவது கலந்திருக்கலாம்ல?" படித்த மனுஷர். முட்டுக்கொடுப்பதிலும் ஒரு தொழில்நுட்பம்.

"அஞ்சும் ஒரே பாக்கெட்டுங்க" என்றாள் அக்கா. "நேத்து மேடமும் நானும் பிரிச்சு வெட்டினது. ஒண்ணுல கடலை, ஒண்ணுல பால், ஒண்ணுல மஞ்சள் கரு, ஒண்ணுல கோதுமை. ஒரு பாக்கெட் ஸ்பாஞ்சுக்குள்ள மளிகைக் கடையே வெச்சிருக்கானா? நான் சீட்டுல என்ன எழுதினேனோ, அதைத்தான் ஐயா அப்படியே சொல்லியிருக்கார்."

"சீட்டைத்தான் பூட்டி வெச்சிருக்காங்களே! அவர் எப்படிப் பாத்திருக்க முடியும்?"

"சீட்டைப் பூட்டினாங்க. கிளிப்பைப் பூட்டலையே? உங்க டப்பாவுல என்ன நிறம் சார்?"

இன்ஜினீயர் அப்பா குனிந்து பார்த்தார். "நீலம்."

"உங்க பொண்ணுக்கு என்ன ஆகாது?"

"முட்டை" என்றார், குரல் உள்ளே போய்விட்டது.

"நீலம் மாட்டின எல்லாரும் கையைத் தூக்குங்க. என்ன ஆகாது?"

"முட்டை!" என்று நாலு பக்கமிருந்தும் வந்தது. "மஞ்சள்?" "பால்!" "சிவப்பு?" "கடலை!" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தார்கள். ஒப்பிக்க ஒப்பிக்க ஒவ்வொரு முகமாக விழுந்துகொண்டே வந்தது. பக்கத்து ஆள் கிளிப்பைப் பார்ப்பதும் தன் கிளிப்பைப் பார்ப்பதுமாக, ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின.

"சந்தேகப்படுற இடத்துல ஊசல் வேலை செய்யாது!" என்று ஐயா கத்தினார். தேன் எல்லாம் வழிந்து, வெறும் குரல்தான் மிச்சம்.

"சரி, கிளிப்பை எல்லாம் கழட்டிடறோம். டப்பாவைக் கலைச்சு வெக்கறோம். ஒரே ஒரு டப்பா, எது யாருதுன்னு சரியாச் சொல்லுங்க. நான் இன்னிக்கே ஓவனை வித்துட்டு உங்ககிட்ட சீட்டு எழுத வந்துடறேன்."

ஐயா ஊசலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிரபஞ்சம் பைக்குள் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் சிட்டு நாற்காலியை விட்டு அசையவில்லை. இப்போது மெல்லக் கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, நான் இன்னும் நம்பணுமா?"

தங்கச்சி எழுந்தாள். எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை அள்ளிக்கொண்டு கீழே வந்து, தரையிலேயே உட்கார்ந்து, "வேணாம்டா, வேணாம்டா, என்னை மன்னிச்சுடுடா" என்று கேவினாள். சிட்டு அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தலைமையாசிரியை கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து அவள் மடியில் வைத்தார். அக்கா மேசையிலிருந்த கடலை பிஸ்கட்டைத் தட்டோடு ஒரு பையில் போட்டு இறுக முடிச்சுப் போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் தேடினாள்.

"அப்ப அந்த பிஸ்கட் ஏன் பச்சையாச்சு?" என்று ஒரு அம்மா விடாமல் கேட்டாள்.

"சமையல் சோடா அதிகமாப் போச்சுங்க. சூரியகாந்தி விதையோட சேர்ந்தா ஆறின பிறகு அப்படி நிறம் மாறும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டா மாறாது. பாக்காம அனுப்பினது என் தப்பு."

தப்பு என்று ஒருத்தி மைக்கில் சொல்கிறாளே என்று கூட்டத்துக்கு ஆச்சரியம். அந்த மேடையில் அந்தச் சொல் கேட்பது அதுதான் முதல் தடவை.

இந்த இடைவெளியில் ஐயா பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கியிருந்தார். சீட்டு மேடமும் மாயம். போகிற போக்கில் கார்டு தேய்க்கிற மிஷினை மட்டும் மறக்காமல் எடுத்துப்போயிருந்தாள். பாதிப் பேர் பங்களிப்பைத் திருப்பிக் கேட்கக் கீழே ஓடினார்கள். மீதிப் பேரில் இரண்டு பெண்கள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிஸ்கட்டுக்கு வேலை செய்யாட்டிப் போகட்டும், முழங்கால் வலிக்கு ஒட்டிப் பாப்பமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்ல!

இன்ஜினீயர் அப்பா மட்டும் அக்காவின் பக்கத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம், இந்தாள் ஃபிராடுன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு சின்ன டவுட். நிஜமான ஊசல் எங்கயாவது கிடைக்குமா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க கழுத்து மேலயே ஒண்ணு இருக்கே சார். ஒரு மாசமா அந்தாள் சொன்னதுக்கெல்லாம் ஆட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்க? கொஞ்சம் நிறுத்தி, அதை வெச்சு யோசிச்சுப் பாருங்க."